ஜீவனுக்குப் பிரமாணம்

நவம்பர் மாதம் பிறந்ததும் நாடெங்கும் வங்கி வாசல்களில் முதியவர்களின் வரிசை நீளத் தொடங்கும். மத்திய அரசின் ஓய்வூதியம் பெறுவோர் ஆண்டுதோறும் பெரும்பாலும் இம்மாதத்தில்தான் தாம் உயிரோடிருப்பதற்குச் சான்று அளிக்கின்றனர். 2014 நவம்பர் 10-ஆம் நாள் இதனைக் கணினி வழியே செய்யும் ஏற்பாடு தொடங்கப்பட்டது. அதற்கு இட்ட பெயர் 'ஜீவன் பிரமாண்'. கருவியின் மீது விரலை வைத்தால் ரேகை சரிபார்க்கப்பட்டு, இவர் இருக்கிறார் என்று பதிவாகிவிடும். ஆனால் ஏர் பிடித்தும், துப்பாக்கி பிடித்தும், பாத்திரம் தேய்த்தும் மழுங்கிப்போன விரல்களைக் கருவி அடையாளம் காணாதிருப்பதும் உண்டு. மனிதர் எதிரே நிற்கிறார். அவர் இருக்கிறார் என்பதற்கு மட்டும் சான்று கிடைக்கவில்லை! இந்த இடரைக் கருதியே 2021-இல் முகத்தைக் கொண்டு அடையாளம் காணும் முறையும் சேர்க்கப்பட்டது.

பிரமாணம் என்பது நமது தரிசனங்களில் மிகுந்த மதிப்புடைய சொல். ஒன்றை ஐயமற அறிவதற்குரிய கருவியே பிரமாணம். பிரத்யக்ஷம், அனுமானம், உபமானம், சப்தம், அர்த்தாபத்தி, அனுபலப்தி என்று அத்வைத வேதாந்தம் ஆறு பிரமாணங்களை ஏற்கிறது. ஆயினும், 'நான் இருக்கிறேன்' என்பதை அறிய இந்த ஆறில் ஒன்றும் வேண்டியதில்லை என்பது ஆசாரியர்களின் துணிபு. ஆன்மா தானே விளங்குவது. எல்லாப் பிரமாணங்களும் அதன் ஒளியில்தான் செயல்படுகின்றன.

உடலில் உயிர் இருப்பதற்கு வங்கியில் சான்று பெறலாம். அந்த உயிருக்குள்ளே தர்மம் உயிரோடிருக்கிறது என்பதற்கு எது பிரமாணம்? நூல்களில் மட்டும் ஆராய்ந்து முடிக்கக்கூடிய கேள்வியன்று இது. வீட்டுத் திண்ணையில், குளிர்கால இரவில், உறக்கம் கலைந்த வேளையில் எழுகின்ற கேள்வி.

சுபேதாரின் ஐயம்

இமயத்தின் அடிவாரத்திலுள்ள டேராடூன், ஓய்வுபெற்ற படைவீரர்கள் ஏராளமாக வாழும் நகரம். அங்கு ஒரு நவம்பர் மாதத்தில் நடைபெற்ற சத்சங்கத்தின் முடிவில், எழுபது வயதைக் கடந்த சுபேதார் ஒருவர் எழுந்து நின்று கை கூப்பினார். கார்வால் ரைஃபிள்ஸ் படைப்பிரிவில் பணியாற்றியவர்.

"சுவாமிஜி, எங்கள் படைப்பிரிவின் போர் முழக்கமே பத்ரி விசாலரின் திருநாமம்தான். அந்த நாமத்தை முழங்கிக்கொண்டே இருபத்தெட்டு ஆண்டுகள் காலம் தள்ளினேன். பத்ரிநாதரின் சந்நிதி இந்த மாதத்தில் நடை சாத்தப்பட்டுவிடும். அக்கம்பக்கத்தார் வண்டி பேசியிருக்கிறார்கள். எனக்கும் ஓர் இடம் வைத்திருக்கிறார்கள். ஆனால் என் வீட்டில் ஷேரு என்று ஒரு நாய் இருக்கிறது. பதினான்கு வயது. இரு கண்களும் தெரியவில்லை. பின்னங்கால்கள் தள்ளாடுகின்றன. இரவில் எழுந்து சுற்றிச் சுற்றி வரும். சுவரின் மூலையில் முகத்தை வைத்துக்கொண்டு, திரும்பத் தெரியாமல் நின்றுவிடும். நான் எழுந்து போய்த் திருப்பி அழைத்து வர வேண்டும். என் மனைவி நோயில் கிடந்த காலத்தில் அவள் கட்டிலடியை விட்டு அது நகரவில்லை. வெளியூரில் இருக்கும் என் மகன், எங்காவது காப்பகத்தில் விட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் மருத்துவரிடம் சொல்லி ஊசி போட்டுவிடுங்கள் என்கிறான். சத்சங்க நண்பர் ஒருவரோ, ஜடபரதரின் கதையை மறந்துவிடாதே, கடைசி நினைவு நாயின் மீது இருந்தால் அடுத்த பிறவி என்ன ஆகும் என்று எச்சரிக்கிறார். யுதிஷ்டிரர் ஒரு நாயை விடாததால் உயர்ந்தார். பரதர் ஒரு மானை விடாததால் வீழ்ந்தார். நான் எந்த வழியில் போகிறேன், சுவாமிஜி?"

கூடியிருந்தோர் சிலர் புன்னகைத்தனர். அவர் புன்னகைக்கவில்லை. கேள்வி ஒரு நாயைப் பற்றியதாகத் தோன்றினாலும், இல்லறத்தில் இருந்துகொண்டு ஆன்மிகத்தை நாடும் ஒவ்வொருவருடைய கேள்வியும் இதுவே. முதிய தாயையோ, நோயுற்ற கணவரையோ, மனவளர்ச்சி குன்றிய பிள்ளையையோ பேணுகிற எத்தனையோ அன்பர்கள், 'இது என் சாதனைக்குத் துணையா, தடையா?' என்று உள்ளூர வருந்துகின்றனர். ஆகவே இரண்டு கதைகளையும் பொறுமையாக ஆராய்வோம்.

இமயத்தின் வழியில் ஒரு நாய்

பத்ரிநாத்திலிருந்து சுமார் மூன்று கிலோமீட்டர் தொலைவில் மாணா என்ற சிற்றூர் உள்ளது. பாண்டவர்கள் தமது இறுதி யாத்திரையில் இவ்வழியாகவே சென்றனர் என்பது அம்மலைநாட்டு மக்களின் நம்பிக்கை. மகாபாரதத்தின் மகாப்பிரஸ்தானிக பர்வம் அந்த யாத்திரையைச் சொல்கிறது. திரௌபதியும் தம்பியரும் ஒருவர் பின் ஒருவராக வீழ்ந்தனர். இறுதியில் யுதிஷ்டிரரும், ஊரிலிருந்தே பின்தொடர்ந்து வந்த ஒரு நாயும் மட்டுமே எஞ்சினர். இந்திரன் தேருடன் வந்து நின்றான். நாயை விட்டுவிட்டு ஏறும்படி கூறினான். யுதிஷ்டிரர் மறுத்தார்.

இங்கு இந்திரன் எழுப்பும் தடை கூர்மையானது. மனைவியையும் உடன்பிறந்தோரையும் வழியில் விட்டுவிட்டு வந்த நீ, ஒரு நாயை விட மறுப்பது என்ன நியாயம் என்று அவன் கேட்கிறான். மாண்டவர்களோடு நட்பும் இல்லை, பகையும் இல்லை; அவர்களை உயிர்ப்பிக்க என்னால் இயலாது; உயிரோடிருந்தவரை அவர்களை நான் விட்டதில்லை என்பது யுதிஷ்டிரரின் விடையின் சாரம். இந்த நாயோ உயிரோடிருக்கிறது, நம்பி வந்திருக்கிறது. நம்பி வந்ததைக் கைவிட்டுப் பெறும் சுவர்க்கம் தமக்கு வேண்டா என்றார். அப்போது அந்த நாய் தர்மதேவதையாகத் தன் உண்மை வடிவில் தோன்றியது.

இதே இதிகாசத்தின் தொடக்கத்திலும் ஒரு நாய் வருவதைப் பலர் கவனிப்பதில்லை. ஆதிபர்வத்தில் ஜனமேஜயனின் தம்பியர் வேள்விச் சாலைக்கு வந்த ஒரு நாய்க்குட்டியை, அது ஒன்றையும் தீண்டாதிருந்தும் அடித்து விரட்டுகின்றனர். அதன் தாய் ஸரமை வந்து, குற்றமற்ற என் பிள்ளையை ஏன் அடித்தீர்கள் என்று நியாயம் கேட்கிறாள். அவர்களிடம் விடையில்லை. ஜனமேஜயன் அர்ஜுனனின் கொள்ளுப்பேரன். முன்னோர் ஒரு நாய்க்காகச் சுவர்க்கத்தை மறுத்தனர். சந்ததியாரோ வேள்வி செய்துகொண்டே ஒரு நாயை அடித்தனர். தர்மம் குலவழியாகத் தானே வந்து சேராது, ஒவ்வொரு தலைமுறையும் அதைப் புதிதாக ஈட்டியாக வேண்டும் என்று வியாசர் நமக்கு உணர்த்துகிறார் போலும்.

பரதர் எங்கே தவறினார்?

இனி ஸ்ரீமத் பாகவதத்தின் ஐந்தாம் ஸ்கந்தத்துக்கு வருவோம். அரசைத் துறந்து கண்டகி நதிக்கரையில் தவம் செய்துவந்த பரதர், நீர் அருந்த வந்த கருவுற்ற மான் ஒன்று சிங்கத்தின் கர்ஜனையைக் கேட்டுப் பாய்ந்ததையும், குட்டி ஆற்றில் விழுந்ததையும், தாய் மாண்டதையும் கண்டார். குட்டியை எடுத்து வளர்த்தார். அதைக் காத்தது அவர் செய்த பிழையன்று. பாகவதம் அதனைக் குற்றமாகச் சொல்லவில்லை. மெல்ல மெல்ல அவரது பூஜையும் நியமங்களும் ஒவ்வொன்றாக நழுவியதையும், மான் கண்முன் இல்லாத வேளையில் அவர் தவித்த தவிப்பையும்தான் அது விரிவாக வருணிக்கிறது. அது துள்ளியது, உரசியது, விளையாடியது. அந்த இன்பத்தில் அவர் மூழ்கினார். தயையாகத் தொடங்கியது 'என்னுடையது' என்ற மமதையாக முடிந்தது.

இரு கதைகளுக்குமுள்ள வேறுபாடு இப்போது விளங்கும். பரதர் மானிடமிருந்து ஒன்றைப் பெற்றுக்கொண்டிருந்தார், பெற்றது இன்பம். யுதிஷ்டிரருக்கு அந்த நாயிடமிருந்து பெறுவதற்கு எதுவுமில்லை. அவர் அதற்குப் பெயர்கூட வைக்கவில்லை. மமதை இன்பத்தைத் தின்று வளர்வது. இன்பம் வற்றினால் அதுவும் வாடிவிடும். குட்டியாக இருந்தபோது கொஞ்சி வளர்த்த நாயை, முதிர்ந்து நோயுற்றதும் தெருவில் விட்டுச் செல்வோரிடம் நாம் காண்பது இதைத்தான். அவர்கள் நேசித்தது நாயையன்று, அது தந்த மகிழ்ச்சியை. இன்பம் வற்றிய பின்னும் எஞ்சுவது எதுவோ, அதுவே தயை.

இங்கே அர்த்தாபத்தி என்ற பிரமாணம் நமக்கு உதவும். அதற்கு நூல்களில் வழங்கிவரும் எடுத்துக்காட்டு எளியது. தேவதத்தன் பகலில் உண்பதில்லை. ஆயினும் உடல் பருத்திருக்கிறான். இரண்டும் உண்மையெனில், அவன் இரவில் உண்கிறான் என்று கொண்டாலன்றிப் பொருந்தாது. சுபேதாரைப் பாருங்கள். ஷேருவால் இனி வீட்டைக் காக்க முடியாது. விளையாட முடியாது. அதனால் அவருடைய உறக்கமும் கெடுகிறது. ஆயினும் எழுபதைக் கடந்த அவர் நவம்பர் மாதக் குளிரில் இரவில் மூன்று முறை எழுகிறார். இரண்டும் உண்மையெனில் எதைக் கொள்வது? பயனை நாடாத ஒன்று அவருள் விழித்திருக்கிறது என்றே கொள்ள வேண்டும். ஞானி சமமாகக் காணும் உயிர்களை கீதையின் ஐந்தாம் அத்தியாயத்தில் பகவான் எண்ணிச் சொல்லும்போது, பசுவோடும் யானையோடும் நாயையும் சேர்த்தே சொல்கிறார். அந்தச் சமதரிசனம் சாஸ்திரம் பயின்ற நம் நாவில் இருக்கிறது. அவருடைய காலடியில் இருக்கிறது.

எனினும் தயை மமதையாகத் திரியாதிருக்க, அன்பர்கள் தம்மைத் தாமே மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்வது நல்லது. முதலாவது: இந்தப் பணிவிடையினிடையே என் ஜபமும் தியானமும் அளவில் குறைந்தாலும் அறவே நழுவாமல் இருக்கின்றனவா? இரண்டாவது: என் வீட்டு உயிரிடம் உருகும் மனம், தெருவில் குளிரில் நடுங்கும் உயிரிடமும் சிறிதேனும் உருகுகிறதா? மூன்றாவது: காலம் வந்தால் இதனை இறைவனிடம் ஒப்படைத்துக் கை கூப்ப என்னால் இயலுமா? மூன்றுக்கும் 'ஆம்' என்று விடை வருமாயின் அஞ்ச வேண்டியதில்லை.

நினைவு நாளும் நித்தியக் கடமையும்

நவம்பர், படைவீரர்களை நினைக்கும் மாதமும் ஆகும். முதல் உலகப்போர் 1918 நவம்பர் 11-ஆம் நாள் ஓய்ந்தது. அப்போரில் 13 லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர் பணியாற்றினர்; சுமார் 74,000 பேர் திரும்பவில்லை. கார்வால் வீரர் நாயக் தர்வான் சிங் நேகி, 1914 நவம்பர் 23-24 இரவில் பிரான்சில் ஃபெஸ்டுபெர்ட் அருகே, தலையிலும் கையிலும் காயமுற்ற பின்னரும் முன்னேறிப் போரிட்டு விக்டோரியா கிராஸ் விருது பெற்றார். 1962 நவம்பர் 17-ஆம் நாள், இன்றைய அருணாசலப் பிரதேசத்தின் நூரானங்கில், அதே படைப்பிரிவைச் சேர்ந்த ரைஃபிள்மேன் ஜஸ்வந்த் சிங் ராவத் போரிட்டு மாண்டார். அவருக்கு மகாவீர் சக்கரம் வழங்கப்பட்டது. ஜஸ்வந்த்கட் என்று வழங்கும் அவரது நினைவிடத்தில், அவர் இன்றும் பணியில் இருப்பதாகவே பாவித்து வீரர்கள் படுக்கை விரிக்கின்றனர், காலையில் தேநீர் வைக்கின்றனர், காலணிகளுக்கு மெருகேற்றுகின்றனர். பாவனையே வழிபாடாக மாறிய இடம் அது.

இது போற்றத்தக்கது. ஆயினும் யுதிஷ்டிரரின் விடையை இங்கு நினைவு கொள்ள வேண்டும். மாண்டவர்க்கு நாம் செய்யக்கூடியது நினைவு. வாழ்பவர்க்குச் செய்ய வேண்டியது துணை. ஆண்டுதோறும் டிசம்பர் 7 கொடி நாள். ஜனவரி 14 முன்னாள் படைவீரர் நாள். அந்நாட்களில் மாலையும் சால்வையும் அணிவிக்கிறோம். அதே மூத்த வீரர் மறுநாள் மருத்துவமனை வரிசையில் தனியாக நிற்கும்போது யார் அவருடன் நிற்கிறார்? விரல் ரேகை பதியாமல் வங்கியிலிருந்து அவர் வெறுங்கையுடன் திரும்பும்போது, மறுநாள் அவரை யார் அழைத்துச் செல்கிறார்?

நாய்களுக்கும் இதே நிலைதான். டேராடூனில் வாழும் கூர்க்கா குடும்பங்கள், நேபாளத்திலும் டார்ஜிலிங் மலைநாட்டிலும் உள்ள தம் உறவினரைப் போலவே, திஹார் விழாவில் ஒருநாளை நாய்களுக்கென்று ஒதுக்கியுள்ளனர். நரக சதுர்த்தசியாகிய அந்நாளில், நாம் தீபாவளி கொண்டாடும் வேளையில், அவர்கள் நாயின் நெற்றியில் திலகமிட்டு, செண்டுமல்லி மாலை அணிவித்து, விருந்தளிக்கின்றனர். அழகிய வழக்கம். விழா என்பது மறதியைக் கலைக்கும் மணியோசை. மணி அடித்தால் பூஜை முடிந்துவிட்டது என்று பொருளன்று; தொடங்க வேண்டும் என்று பொருள்.

நமது ராணுவமே இவ்வகையில் ஒரு மாற்றத்தைக் கண்டது. 2015 ஆகஸ்டில் வடக்கு காஷ்மீரில் ஊடுருவலைத் தடுக்கும்போது மான்ஸி என்ற லாப்ரடார் நாயும், அதனை வழிநடத்திய பஷீர் அகமது வார் என்ற வீரரும் ஒன்றாக உயிர்நீத்தனர். மான்ஸியின் பெயர் பின்னர் ராணுவத்தின் வீரப் பதிவில் இடம்பெற்றது. பணியில் மாண்ட நாய்க்கு அத்தகைய பெருமை கிடைத்த அதே காலத்தில், பணிக்கு இயலாதுபோன நாய்கள் பெரும்பாலும் உயிர்போக்கப்பட்டுவந்தன என்பது வெளியே தெரியவந்து பலரையும் வருத்தியது. பிறகு வழக்கம் மாறியது; ஓய்வுபெற்ற நாய்களை மீரட்டில் வைத்துப் பேணவும், விரும்புவோர் வளர்க்கக் கொடுக்கவும் வழி பிறந்தது. பயன் தீர்ந்ததும் உறவு தீர்ந்துவிடுமா என்ற கேள்வியை ஒரு பெரிய நிறுவனமும் எதிர்கொண்டு, தன் விடையைத் திருத்திக்கொள்ள முடிந்தது. தனிமனிதர்களான நமக்கு அது இயலாதா?

முதுமைக்குச் செய்யும் உபசாரங்கள்

பூஜையில் இறைவனுக்கு ஆசனம், பாத்தியம், தீபம், நைவேத்தியம் என்று உபசாரங்கள் செய்கிறோம். முதிர்ந்த உயிரைப் பேணுவதும் இந்த வரிசையிலேயே அமைகிறது.

குளிர்ந்த சிமென்ட் தரை மூட்டுவலியை மிகுவிக்கும். சாக்கை மடித்து மேலே பழைய கம்பளியை விரிப்பது ஆசனம். வழவழப்பான தரையில் கால் சறுக்காமல் பாய் விரிப்பதும், வளர்ந்த நகங்களைக் கத்தரிப்பதும் பாத்தியம். முதுமையில் மனிதர்க்கு வரும் மறதி நோயைப் போன்றதொன்று நாய்க்கும் வருவதுண்டு. அது பகலை இரவாகவும் இரவைப் பகலாகவும் மயங்கும். பார்வை சிறிதேனும் எஞ்சியிருந்தால் இரவு முழுவதும் ஒரு சிறுவிளக்கு எரிய விடுவது தீபம். கண் அறவே தெரியாததற்கு, நாற்காலியையும் தண்ணீர்ப் பாத்திரத்தையும் இடம் மாற்றாதிருப்பதும், தொடுவதற்கு முன் பெயர் சொல்லி அழைப்பதும் அந்தத் தீபத்துக்கு இணை. மென்மையான உணவைச் சிறிது சிறிதாகப் பலமுறை தருவது நைவேத்தியம். வலி கண்டு இரங்கி மனிதர் உண்ணும் மாத்திரைகளைக் கொடுத்துவிடலாகாது. பாராசிட்டமால், இப்யூபுரூஃபன் போன்றவை நாய்க்கு நஞ்சாகலாம். கால்நடை மருத்துவரின் சொல்லே இதில் பிரமாணம்.

மகன் சொன்ன ஊசியைப் பற்றியும் ஒரு சொல். பயனற்றது, தொல்லையானது என்ற காரணத்தால் ஓர் உயிரை முடிப்பது கைவிடுதலே. ஆற்ற முடியாத வேதனையில் அது துடிக்கும்போது, மருத்துவரோடு கலந்து, அதன் நலம் ஒன்றையே எண்ணி, அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு எடுக்கும் முடிவு வேறு. இரண்டிலும் செயல் வெளிப்பார்வைக்கு ஒன்றாகத் தோன்றலாம், கருத்தா அறிவான். ஷேருவுக்கு அந்த நிலை வரவில்லை. அது இன்னும் உண்கிறது, உறங்குகிறது, தன் எஜமானரின் காலடி ஓசை கேட்டால் வாலை அசைக்கிறது. கருவி காணத் தவறும் மனிதரைக் கண்ணற்ற அந்த உயிர் அடையாளம் காண்கிறது.

ஆகவே சுபேதாரிடம் கூறப்பட்ட விடை இது: "சுபேதார் சாஹிப், அதனை நன்கறிந்த ஒருவர் உடனிருந்து பார்த்துக்கொள்வாராயின் மனக்குறையின்றிப் போய் வாருங்கள். அப்படி ஒருவர் இல்லையெனில் இந்த ஆண்டு போக வேண்டாம். பத்ரிநாதரின் நடை வசந்தத்தில் மீண்டும் திறக்கும். ஷேருவுக்கு அடுத்த வசந்தம் உண்டா என்பது தெரியாது. இரவில் அதனைத் திருப்பி அழைத்து வரும்போது உங்கள் முழக்கத்தையே மெல்லச் சொல்லிக்கொள்ளுங்கள். அந்த நாமம் உங்களோடு இருக்கும்வரை கடைசி நினைவைப் பற்றிய கவலை வேண்டாம்."

அன்பர்களே, இந்த மாதத்தில் ஒவ்வொருவரும் இரண்டு சிறு செயல்களைச் செய்ய உறுதி கொள்வோம். நமது தெருவில் வாழும் ஒரு முதிய வீரரையோ வேறொரு முதியவரையோ அவருக்கு வேண்டிய ஓர் இடத்துக்கு அழைத்துச் சென்று, வேலை முடியும்வரை உடனிருந்து, திரும்ப அழைத்து வருவோம். வழியில் அவர் சொல்லும் பழைய கதையைப் புதிதாய்க் கேட்பதுபோல் கேட்போம். நம்மை நம்பியிருக்கும் வாயில்லா உயிர் ஒன்றுக்குக் குளிர் தாங்கும் ஓர் இடம் அமைத்துத் தருவோம். இவற்றுக்குச் சான்றிதழ் எவரும் தரமாட்டார். தரவேண்டியதும் இல்லை.

எல்லா உயிரிலும் உறைபவனே, எங்களால் பயன் பெற்றவர்களிடமும் எங்களுக்குப் பயன் தந்தவர்களிடமும், பயன் தீர்ந்த பின்னும் மாறாத நெஞ்சை எங்களுக்கு அருள்வாயாக. நம்பி வந்த ஓர் உயிரை வாசலில் நிறுத்திவிட்டு உன் சந்நிதிக்குள் நுழையும் ஆசை எங்களுக்கு ஒருபோதும் வாராதிருப்பதாக.

ஓம் சாந்தி: சாந்தி: சாந்தி: